சக்கை சத்தான கதை: குன்னூர் எலிகளும் பெருங்குடற் பிதுக்கப்பைகளும்

ஒரு நோய்க்குப் பல பத்தாண்டுகளாக விதிக்கப்பட்டுவந்த பத்தியமே அந்நோயின் காரணம் என்று பின்னர் அறிவிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ வரலாற்றில் மிகச் சில. பெருங்குடற் பிதுக்கப்பை நோய் அவற்றுள் ஒன்று. 1920கள் முதல் 1960கள் வரை இந்நோயாளிகளுக்குச் சக்கை குறைந்த உணவே மருந்தெனப் பரிந்துரைக்கப்பட்டது. 1970களில் அப்பரிந்துரை தலைகீழானது. 2012ஆம் ஆண்டுக்குப் பின் அந்தத் தலைகீழ் மாற்றமும் ஐயத்திற்கு உள்ளானது. இவ்வரலாற்றின் தொடக்கப் பகுதியில் நம் நீலகிரிக்கு, குறிப்பாகக் குன்னூருக்கு, ஓர் இடம் உண்டு. அதனைப் பற்றித் தமிழில் போதிய அளவு பேசப்படவில்லை என்பதால் இந்நெடும்பதிவு.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் சொற்களிலிருந்தே தொடங்குகிறேன்.

1. சொல்லும் பொருளும்

டைவர்டிகுலம் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் செவ்வியல் காலத்தில் உடலோடு தொடர்பில்லை. பெருவழியிலிருந்து விலகிச் செல்லும் கிளைவழி என்பதும், வழிப்போக்கர் ஒதுங்கித் தங்கும் இடம் என்பதுமே அதன் பொருள்கள். விலகித் திரும்புதல் என்னும் வினையடியிலிருந்து பிறந்த பெயர் அது. உடற்கூற்றியலார் அச்சொல்லை எடுத்து, குழல்போன்ற ஓர் உறுப்பின் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பிதுங்கி நிற்கும் சிறு பைக்குப் பெயராக்கினர். இப்பதிவில் அதனைப் பிதுக்கப்பை என்று குறிப்பிடுகிறேன்.

இங்கு மூன்று நிலைகளை வேறுபடுத்திக்கொள்வது இன்றியமையாதது. பைகள் இருக்கின்றன, ஆனால் தொல்லை ஏதும் இல்லை என்பது முதல் நிலை. மருத்துவர் இதனை டைவர்டிகுலோசிஸ் என்பர். பை அழன்று வலியும் காய்ச்சலும் தோன்றுவது இரண்டாம் நிலை, அது டைவர்டிகுலைட்டிஸ். வலி, குருதிப்போக்கு, சீழ்க்கட்டி, துளை என எவ்வகையிலேனும் துன்பம் விளைவிக்கும் நிலைகள் அனைத்தையும் சேர்த்துச் சுட்டும் பொதுப்பெயர் பிதுக்கப்பை நோய். முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குச் செல்வோர் மிகச் சிலரே. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பைகள் உள்ளவர்களுள் அழற்சிக்கு ஆளானோர் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரே என்று கணித்தது. ஓசிஸ், ஐட்டிஸ் என்னும் இரு விகுதிகளுக்கு இடையிலான இந்த வேறுபாடு, பின்னால் வரவிருக்கும் ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்க்கும் திறவுகோல். எனவே அதனை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

2. சுவர் ஏன் பிதுங்குகிறது?

பெருங்குடலின் தசை இரண்டு அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கு வளையங்களாகக் குடலைச் சுற்றிச் செல்கிறது. வெளியடுக்கோ குடல் முழுவதையும் போர்த்தாமல், நீளவாக்கில் மூன்று பட்டைகளாகத் திரண்டு கிடக்கிறது. பட்டைகளுக்கு இடைப்பட்ட பகுதிகளில், உட்சுவருக்குக் குருதி கொண்டுசெல்லும் நுண்தமனிகள் வளையத் தசையைத் துளைத்து நுழைகின்றன. அந்நுழைவாயில்களே சுவரின் நலிந்த இடங்கள். குடலுக்குள் அழுத்தம் மிகும்போது உட்சவ்வு அவ்வாயில்கள் வழியே வெளியே தள்ளப்படுகிறது. குருதிக்குழாய்கள் நுழையும் இடங்களுக்கும் பைகளுக்கும் உள்ள இத்தொடர்பைச் செருமானிய அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் கிரேசர் 1899ஆம் ஆண்டளவிலேயே சுட்டிக்காட்டினார்.

மேலை நாட்டினரிடையே பைகள் மிகுதியாகத் தோன்றுவது, மலக்குடலுக்குச் சற்று முன்னர் வளைந்து செல்லும் சிக்மாய்டு என்னும் இடப்புறப் பகுதியில். பெருங்குடலின் மிகக் குறுகிய பகுதி அது. ஒரே இழுவிசை கொண்ட சுவருள் ஆரம் குறையக் குறைய அழுத்தம் கூடும் என்னும் லாப்லாஸ் விதி இங்குப் பொருந்திவருகிறது. இலண்டன் அறுவை மருத்துவர் நீல் பெயின்டர் 1960களில் குடலுக்குள் அழுத்தத்தை அளந்து, தசை சுருங்கும்போது குடல் சிறு சிறு அறைகளாக அடைபட்டு, ஒவ்வோர் அறையுள்ளும் அழுத்தம் வெகுவாக உயர்வதைக் காட்டினார். வலிநீக்கியாகக் கொடுக்கப்பட்ட மார்பின் அவ்வழுத்தத்தை மேலும் உயர்த்தியது என்பதும் அவர் கண்டதே.

பைகள் இருப்பதை அறிஞர் அறிந்து நெடுங்காலம் ஆயிற்று. பிரெஞ்சு நோய்க்கூற்றியலார் ழான் குருவேயே 1849இல் அவற்றை விரிவாக விவரித்தார். எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அவை பிணக்கூறாய்வின்போது எதிர்ப்படும் விந்தைகளாகவே கருதப்பட்டன. 1907இல் அமெரிக்காவின் வில்லியம் மேயோவும் அவருடைய குழுவினரும் அழன்ற பகுதியை அறுத்து நீக்கிய நோயாளிகளைப் பற்றி எழுதினர். முதல் உலகப் போர்க்காலத்தை ஒட்டி, பேரியம் புகட்டி எடுக்கப்படும் ஊடுகதிர்ப் படங்கள் உயிருள்ளவர் குடலிலேயே பைகளைக் காட்டத் தொடங்கின. நோய் பெருகியதா, அன்றி அதனைக் காணும் கண் பிறந்ததா என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

3. குன்னூரில் ஓர் ஆய்வகம்

இப்போது நீலகிரிக்கு வருவோம். ராபர்ட் மெக்காரிசன் அயர்லாந்தில் பிறந்து 1901இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். கில்கித் பகுதியில் அறுவை மருத்துவராகப் பல ஆண்டுகள் இருந்து, முன்கழுத்துக் கழலை பற்றி ஆராய்ந்தவர். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் மிகச் சிறிய அளவில் ஊட்டக்குறை நோய் ஆய்வைத் தொடங்கினார். செலவுக் குறைப்பின் பெயரால் 1923இல் அவ்வாய்வுக்கு நிதி நிறுத்தப்பட்டது. 1925இல் மீண்டும் தொடங்கி, அப்பத்தாண்டின் இறுதியில் அது ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. 1935 வரை அவரே இயக்குநர். 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர்பெற்றது அந்தக் குன்னூர் ஆய்வகமே.

குரங்குகளுக்கும் புறாக்களுக்கும் ஊட்டம் நீக்கிய உணவைக் கொடுத்து, அவற்றின் குடலில் நேரும் மாற்றங்களை மெக்காரிசன் ஆராய்ந்தார். குடல் உப்பி விரிதல், சுவர் மெலிதல், பெருங்குடல் அழலுதல் முதலியவற்றைப் பதிவுசெய்தார். 1921இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் குறையுள்ள உணவும் குடற்கோளாறும் என்ற பொருளில் உரையாற்றினார். ஹுன்சா மக்களிடையே தாம் பணியாற்றிய ஆண்டுகளில் வயிற்றுப்புண், குடல்வால் அழற்சி, பெருங்குடல் அழற்சி ஆகியவற்றைக் கண்டதேயில்லை என்று அவ்வுரையில் அவர் கூறியது பெரும்புகழ் பெற்றது. ஆதாரமாகவும் பின்னர் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது.

அடுத்து அவர் செய்த சோதனை, தில்லியில் வாழும் தமிழர் எவரும் ஒருமுறையேனும் எண்ணிப்பார்க்க வேண்டியது. சீக்கியர், பத்தானியர், மராத்தியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், மதராசிகள் என ஏழு பிரிவினரின் அன்றாட உணவை ஏழு எலிக்கூட்டங்களுக்கு அவர் கொடுத்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பருப்பு, பால், வெண்ணெய், பச்சைக் காய்கறி என அமைந்த சீக்கியர் உணவை உண்டவை சராசரியாக 235 கிராம் எடை அடைந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட மதராசி உணவை உண்டவை 155 கிராமில் நின்றன. பின்னாளில் குறைபாடுள்ள பல்வேறு உணவுகளில் வளர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை அறுத்துப் பார்த்தபோது, நுரையீரல் முதல் குடல் வரை பல நோய்களை அவர் கண்டார்.

இந்த வரிசை நமக்கு உறுத்தலாக இருப்பது இயல்பு. போர்க்குடிகள் என்று ஆங்கில அரசு கொண்டாடிய பிரிவினர் மேலே. அல்லாதார் என்று ஒதுக்கிய வங்காளியரும் மதராசிகளும் கீழே. குடியேற்ற ஆட்சியின் இனப் பட்டியல் அப்படியே எலிக்கூண்டின் மீது எழுதப்பட்டது எனலாம். ஆயினும் சோதனையின் தருக்கம் அப்பட்டியலுக்கு எதிரானது. எலிகள் அனைத்தும் ஒரே இனப்பெருக்கத்திலிருந்து வந்தவை. மாறியது உணவு மட்டுமே. உடல்வலிமை குருதியில் வருவதன்று, தட்டில் வருவது என்பதே அதன் முடிபு. ஆட்சியின் சொற்களைக் கொண்டே ஆட்சியின் கருத்தை மறுத்த ஆய்வு என்று இதனைப் படிக்க இடமுண்டு.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பாலும் வெண்ணெயும் உண்ட பஞ்சாபி உழவரையும், சோறும் சிறிது குழம்பும் மட்டுமே வாய்த்த மதராசி ஏழையையும் ஒப்பிடும்போது, ஒப்பிடப்படுவது இரு வட்டாரங்கள் மட்டுமல்ல. இரு வேறு வாங்குதிறன்களும்தாம். மெக்காரிசனும் வேறுபாட்டின் காரணத்தை உயிர்ச்சத்துகளிலும் புரதத்திலும் தாதுக்களிலுமே பெரிதும் தேடினார். நார்ப்பொருள் அவர் விளக்கத்தின் மையத்தில் இல்லை. குன்னூர் எலிகளை நார்ச்சத்தின் சாட்சிகளாக நிறுத்தியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

4. தவிடு நீங்கிய கதை

அரிசியைப் பற்றி ஒரு சொல். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாணத்தில் அரிசி ஆலைகள் பரவின. உலக்கையும் உரலும் விட்டுவைத்த தவிட்டை ஆலை முற்றாக நீக்கியது. தீட்டிய பச்சரிசியை உண்ட வட மாவட்டங்களில் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். மெக்காரிசனும் நாரிஸும் 1924இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இந்த அரிசி, பெரிபெரித் தொடர்பைப் பற்றியதே. 1934இல் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் காந்தியடிகளின் வழிகாட்டலிலும் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் உழைப்பிலும் கைக்குத்தல் அரிசிக்காக இயக்கம் நடத்தியது. அவர்களது அக்கறை ஊட்டமும் கிராமத்தாரின் வேலைவாய்ப்பும். குடற்பைகளைப் பற்றி அன்று எவரும் எண்ணவில்லை.

ஐரோப்பாவில் இதே கதை கோதுமையில் நிகழ்ந்தது. 1880ஐ ஒட்டி உருளை ஆலைகள் வந்தபின் வெள்ளை மாவு மலிவாயிற்று. ஒப்பீட்டுக்குச் சொன்னால், நூறு கிராம் முழுக்கோதுமை மாவில் நார்ச்சத்து ஏறக்குறைய 11 கிராம்; மைதாவில் 3 கிராமுக்கும் குறைவு.

5. சக்கை சத்தான கதை

தமிழில் சத்து, சக்கை என்பன எதிர்ச்சொற்கள். கரும்பின் சாறு சத்து. பிழிந்து எறிவது சக்கை. ஆங்கிலத்திலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் செரிக்காத பகுதிக்கு ரஃபேஜ், ரெசிட்யூ என்னும் பெயர்களே வழங்கின. முரட்டுப் பொருள், எச்சம் என்பனவே அவற்றின் பொருள். எச்சம் என்று பெயரிடப்பட்ட ஒன்றைக் குறைப்பதே மருத்துவம் எனத் தோன்றுவதில் வியப்பில்லை. விதையும் தோலும் உமியும் பைகளுக்குள் சிக்கி அவற்றைப் புண்படுத்தும் என்ற அச்சத்தால், பிதுக்கப்பை நோயாளிகளுக்குச் சக்கை குறைந்த உணவு விதிக்கப்பட்டது.

உணவு நார் என்னும் ஆங்கிலத் தொடரை 1953இல் ஆஸ்திரேலியாவின் ஹிப்ஸ்லி முதலில் ஆண்டார். 1970களின் தொடக்கத்தில் ஹியூ டிரவல் அதற்கு மருத்துவ வரையறை அளித்தார். அதன்பின் தமிழில் நாம் ஆக்கிக்கொண்ட சொல்லைப் பாருங்கள்: நார்ச்சத்து. சக்கை எனப்பட்டது பெயரளவிலேயே சத்தாகிவிட்டது. ஓர் அறிவுத்துறையின் திருப்பம் ஒரு கூட்டுச்சொல்லில் இத்துணைத் தெளிவாகப் பதிந்திருப்பது அரிது.

இத்திருப்பத்தின் நாயகர் மூவர். முதலாமவர் பிரித்தானியக் கடற்படை மருத்துவர் டி. எல். கிளீவ். இரண்டாம் உலகப் போரில், 1941இல், கிங் ஜார்ஜ் ஐந்து என்னும் போர்க்கப்பலில் மலச்சிக்கலால் அல்லலுற்ற மாலுமிகளுக்குக் கோதுமைத் தவிட்டைக் கொடுத்தவர். சர்க்கரையும் வெள்ளை மாவும் பல நோய்களின் பொது வேர் என்று 1966இல் நூல் எழுதினார். இரண்டாமவர் உகாண்டாவில் அறுவை மருத்துவராயிருந்த டெனிஸ் பர்க்கிட். குழந்தைகளைத் தாக்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் அவர் பெயரால் வழங்குகிறது. மூன்றாமவர் முன்னரே கண்ட பெயின்டர்.

பெயின்டரும் பர்க்கிட்டும் 1971இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, பிதுக்கப்பை நோயை மேலை நாகரிகத்தின் குறைபாட்டு நோய் என்று பெயரிட்டது. ஆப்பிரிக்க, ஆசிய மருத்துவமனைகளில் அந்நோய் அரிது. ஐரோப்பாவில் ஆலை மாவு பரவிச் சில பத்தாண்டுகள் கழித்தே அது பெருகியது. எனவே நார் குறைந்த உணவே காரணம் என்பது அவர்கள் வாதம். 1972இல் பர்க்கிட்டும் உடன் ஆய்வாளரும் உகாண்டாச் சிற்றூர் மக்களின் நாள் மலத்தின் எடை சராசரியாக 470 கிராம் என்றும், பிரித்தானியக் கடற்படையினருடையது 104 கிராம் என்றும் ஒப்பிட்டுக் காட்டினர். நார் மிகுந்தால் மலம் பருத்து மென்மையுறும், குடல் தசை கடுமையாகச் சுருங்க வேண்டியதில்லை, அழுத்தம் தணியும், சுவர் பிதுங்காது. அதே ஆண்டில் பெயின்டர் எழுபது நோயாளிகளுக்குத் தவிடு கொடுத்து, பெரும்பாலோர்க்குத் தொல்லை தணிந்ததாக அறிவித்தார். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது. எனினும் சில ஆண்டுகளுக்குள்ளேயே உலகெங்கும் பத்தியம் மாறியது.

எலிகளும் துணைக்கு வந்தன. 1985இல் வெளியான ஓர் ஆய்வில் 1800 எலிகளுக்கு ஒன்பது வகை உணவு கொடுக்கப்பட்டது. நார் மிகக் குறைந்த உணவை உண்டவற்றுள் 45 விழுக்காட்டிலும், மிகுந்த உணவை உண்டவற்றுள் 9 விழுக்காட்டிலும் பைகள் தோன்றின. குன்னூரின் முறையை இச்சோதனை அறிந்தோ அறியாமலோ தொடர்ந்தது எனலாம்.

6. ஐயத்தின் வருகை

வரலாற்று மாணவர் இங்கு நிறுத்திக் கேட்க வேண்டிய கேள்வி, இல்லை என்பதற்குச் சான்று என்ன என்பது. மருத்துவமனைக்கு அந்நோயுடன் எவரும் வரவில்லை என்பதற்கும், அந்நோய் மக்களிடம் இல்லை என்பதற்கும் இடையில் பெருந்தொலைவு உண்டு. பேரியம் படம் எடுக்கும் வசதியின்மை, ஐம்பதைக் கடந்து வாழ்வோர் குறைவு, வயிற்றுவலிக்கு மருத்துவமனை செல்லும் வழக்கமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்த முதுமை நோயும் மறைந்துவிடும். பிதுக்கப்பையோ அகவையோடு கூடுவது. மேலை நாடுகளில் அறுபதைக் கடந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அது காணப்படுகிறது. ஹுன்சா பற்றிய மெக்காரிசனின் கூற்றுக்கும் இதே வரம்பு பொருந்தும்.

பெருங்குடல் அகநோக்கி பரவலானபின் படம் சிக்கலாயிற்று. 2012இல் அமெரிக்காவில் ஆன் பீரியும் உடன் ஆய்வாளரும் 2104 பேரை அகநோக்கியால் ஆராய்ந்து, நார் மிகுதியாக உண்டவரிடம் பைகள் குறையவில்லை, கூடியே இருந்தன என்று கண்டனர். மலச்சிக்கலும் காரணமாகத் தோன்றவில்லை. நாற்பது ஆண்டுக் கோட்பாடு சரிந்தது என்று பலர் எழுதினர்.

மறுபுறம், 2011இல் பிரித்தானியாவில் 47,033 பேரைப் பின்தொடர்ந்த ஆக்ஸ்போர்டு ஆய்வு, மரக்கறி உண்போர்க்குப் பிதுக்கப்பை நோயால் மருத்துவமனை சேரவோ இறக்கவோ நேரும் வாய்ப்பு 31 விழுக்காடு குறைவு என்றும், நார் மிகுதியாக உண்போர்க்கும் அவ்வாய்ப்பு குறைவு என்றும் கூறியிருந்தது.

இரண்டும் எவ்வாறு உண்மையாக இருக்க இயலும்? தொடக்கத்தில் கண்ட விகுதி வேறுபாடு இங்கு உதவுகிறது. பீரி அளந்தது ஓசிஸ். ஆக்ஸ்போர்டு அளந்தது நோய். பை தோன்றுவதற்கான காரணங்களும், தோன்றிய பை அழலுவதற்கான காரணங்களும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நார்ச்சத்து முதலாவதைத் தடுக்கிறதா என்பது ஐயத்திற்குரியது. இரண்டாவதைக் குறைக்கிறது என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. இரு வினாக்களை ஒரே சொல்லால் கேட்டதே குழப்பத்தின் பெரும்பகுதி.

மரபணுவின் பங்கும் இப்போது தெளிவாகிவிட்டது. 2012, 2013 ஆண்டுகளில் சுவீடனிலும் டென்மார்க்கிலும் இரட்டையரை ஆராய்ந்தவர்கள், இந்நோய்க்கு ஆளாகும் தன்மையில் 40 முதல் 53 விழுக்காடு வரை மரபுவழி என்று கணித்தனர். இணைப்புத் திசு பிறவியிலேயே நலிந்த மார்ஃபன், எலர்ஸ் டான்லாஸ் முதலிய நிலைகளில் இளமையிலேயே பைகள் தோன்றுவதும் இதற்குத் துணை.

7. வலமும் இடமும்

மேலைக் கோட்பாடு விளக்காத மற்றொன்று, இடம். ஜப்பான், சிங்கப்பூர் முதலிய கிழக்காசிய நாடுகளில் பைகள் பெரும்பாலும் பெருங்குடலின் வலப்பகுதியில் தோன்றுகின்றன. ஹவாய்த் தீவுகளில் குடியேறிய ஜப்பானியரின் குடல்களைப் பிணக்கூறாய்வில் ஆராய்ந்து 1973இல் வெளியான ஆய்வு, அவர்களிடையே பைகள் பெருகியிருந்ததையும், அவை வலப்புறமே மிகுந்திருந்ததையும் காட்டியது. வாழ்க்கைமுறை எண்ணிக்கையை மாற்றியது, இடத்தை மாற்றவில்லை. உணவு, மரபு இரண்டும் வெவ்வேறு அச்சுகளில் இயங்குகின்றன என்று இதனைப் பொருள்கொள்ளலாம்.

இதனால் நடைமுறை விளைவு ஒன்று உண்டு. வலப்புறப் பை அழன்றால் அடிவயிற்றின் வலப்பக்கம் வலிக்கும். அது குடல்வால் அழற்சியை அப்படியே ஒத்திருக்கும். அறுவை மேடையில்தான் உண்மை புலப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் ஏராளம். வலப்புறப் பைகள் வலியின்றித் திடீரெனக் குருதி கசிவதும் மிகுதி. நம் வழக்கிலோ மலத்தில் குருதி கண்டால் முதலில் நாவில் எழும் சொல் மூலம். அச்சொல்லோடு கைமருந்தில் மாதங்கள் கழிகின்றன. பிதுக்கப்பையேயன்றிப் பெருங்குடற் புற்றுநோயும் அச்சொல்லின் பின் மறைந்துகொள்ள இயலும். நமக்கு இந்நோய் வராது என்ற 1971ஆம் ஆண்டு நம்பிக்கை இன்று நமக்கு எதிராக வேலை செய்யும் இடம் இது.

8. இன்றைய மருத்துவம்

நோயை மிகுவிக்கும் காரணிகளாக இன்று கொள்ளப்படுபவை: முதுமை, உடற்பருமன், புகைத்தல், உடலுழைப்பின்மை, சிவப்பிறைச்சி மிகுந்தும் நார் குறைந்தும் அமைந்த உணவு, ஐபுபுரூஃபன் போன்ற வலிநீக்கிகளின் நெடுநாள் பயன்பாடு, ஸ்டீராய்டுகள், அபின்வழி மருந்துகள். கொட்டைகளும் விதைகளும் இப்பட்டியலில் இல்லை. 47,228 ஆண்களைப் பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2008இல் வெளியான ஆய்வு, கொட்டைப் பருப்பும் சோளப்பொரியும் உண்டோரிடம் அழற்சி குறைவாகவே இருந்ததைக் காட்டியது. விதை சிக்கும் என்ற நூற்றாண்டு அச்சத்துக்கு அத்துடன் அடிப்படை இல்லாமற்போயிற்று. ஆயினும் தக்காளி விதையையும் கொய்யாவையும் தவிர்க்கச் சொல்லும் அறிவுரை இன்னும் செவிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

தொல்லை தராத பைகளுக்கு மருத்துவம் தேவையில்லை. அழற்சி தோன்றினால் சி. டி. ஸ்கேன் அதனை உறுதிசெய்கிறது. சிக்கலற்ற அழற்சிக்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சுவீடனிலும் ஐஸ்லாந்திலும் 623 நோயாளிகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வும், 2017இல் வெளியான நெதர்லாந்து ஆய்வும், அம்மருந்து இன்றியும் பெரும்பாலோர் அதேபோல் நலமடைந்ததைக் காட்டின. உடல் எதிர்ப்பாற்றல் குன்றியோர், கருவுற்றோர், நோய்த்தொற்று பரவும் அறிகுறியுடையோர் ஆகியோர்க்கு அது இன்றும் தேவை. பெரிய சீழ்க்கட்டியை ஊசிக்குழாய் வழியே வடிக்கின்றனர். குடல் துளைபட்டு வயிற்றறை மாசுற்றால் அறுவையே வழி. அழற்சியின் கடுமையை நான்கு படிகளாக வகுத்த ஹின்சியின் 1978ஆம் ஆண்டு முறை இம்முடிவுகளுக்கு இன்னும் அடிப்படையாக உள்ளது. குருதிப்போக்கு பெரும்பாலோர்க்குத் தானே நின்றுவிடும்; நில்லாதவிடத்து அகநோக்கி வழியாகவோ குருதிக்குழாய் வழியாகவோ அடைக்கின்றனர். இருமுறை அழற்சி கண்டால் குடற்பகுதியை அறுத்து நீக்கிவிட வேண்டும் என்ற பழைய விதி கைவிடப்பட்டுவிட்டது. அழற்சி தணிந்து ஆறு முதல் எட்டு வாரங்களில், அண்மையில் செய்திராதவர்கட்கு, புற்றுநோய் இல்லையென உறுதிசெய்ய அகநோக்கிச் சோதனை பரிந்துரைக்கப்படுகிறது.

9. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

மெக்காரிசனின் பெயர் இன்று சமூக ஊடகங்களில் இருவகையாக எடுத்தாளப்படுகிறது. நம் முன்னோர் உணவு எந்நோயையும் அண்டவிடாது என்று ஒரு சாராரும், தென்னவர் உணவே கீழானது என்பதற்கு அறிவியல் சான்று உண்டு என்று மற்றொரு சாராரும் அவரை அழைக்கின்றனர். இரு சாராரும் எலிக்கூண்டின் மேல் எழுதியிருந்த பெயர்களைப் படிக்கிறார்கள். கூண்டுக்குள் வைத்திருந்த தட்டைப் பார்ப்பதில்லை. மதராசித் தட்டில் இருந்தது தொன்மையான தமிழ் உணவன்று; ஆலை தீட்டிய அரிசியும் வறுமையும். கேழ்வரகும் கம்பும் சாமையும் புழுங்கலரிசியும் கீரையும் அதே நிலத்தின் உணவுகளே.

ஒரு கோட்பாடு பிழைபட்டது என்பதால் அதன் பரிந்துரை பயனற்றதாகிவிடாது என்பதும் இங்கே கற்க வேண்டியது. பர்க்கிட் காரணத்தை மிகைப்படுத்தினார். ஒப்பீட்டில் அவர் கண்ட வெற்றிடம் ஓரளவு ஊடுகதிர்க் கருவியின் வெற்றிடம். எனினும் தவிட்டை மீண்டும் தட்டுக்குக் கொண்டுவந்ததால் நன்மையே விளைந்தது. சக்கை நீக்கும் பத்தியத்தை வகுத்தவர்களும் அறிவிலிகள் அல்லர். தம் கையிலிருந்த படத்தையும் சொல்லையும் கொண்டு சிந்தித்தவர்கள்.

ஆய்வு மாணவர்க்கு இவ்வரலாறு விட்டுச்செல்லும் பணிகள் தெளிவானவை. இந்தியாவின் பல்வேறு பகுதிகளில் அகநோக்கிப் பதிவுகளை வட்டாரம், உணவு, அகவை வாரியாகத் தொகுத்தல் ஒன்று. குன்னூர் ஆய்வகத்தின் அறிக்கைகளை வாய்பாடாக மேற்கோள் காட்டாமல் முழுமையாகப் படித்தல் மற்றொன்று. மூன்றாவது, என் துறையைச் சார்ந்தது: மூலம் என்ற ஒரே சொல்லின்கீழ் மக்கள் குறிப்பிடும் பல்வேறு நோய்களைப் பிரித்தறியும் வகையில், மருத்துவருக்கும் நோயாளிக்கும் பொதுவான தமிழ்ச் சொற்களை உருவாக்குதல். ஓசிஸுக்கும் ஐட்டிஸுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் சொல்ல இயலாத வரை, பை இருப்பதாக அறிக்கையில் படித்த முதியவர் நோயற்றிருந்தும் நோயாளியாகவே வாழ்வார். குருதி கசியும் மற்றொருவர் நோயுற்றிருந்தும் மூலம் என்று ஆறுதல் கொள்வார்.

துறைசார் நண்பர்கள், குறிப்பாகக் குடல்நோய் மருத்துவம் பயில்வோர், நீங்கள் பயன்படுத்தும் தமிழ்ச் சொற்களைக் கருத்துப் பகுதியில் பகிர்ந்தால் ஒரு சிறு சொற்பட்டியலைத் தொகுக்கலாம். உடல்நலம் பற்றிய தனிப்பட்ட முடிவுகளை உங்கள் மருத்துவரோடு பேசியே எடுக்க வேண்டுகிறேன். மலத்தில் குருதி கண்டவர் அதனை எந்தப் பெயரால் அழைத்தாலும், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுக.